வாழைத்தார் ஏற்றாத டிரெய்லர்

படகு வாங்கக் கடல் வேண்டும் என்பது கரையோரத்துக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை. சின்னமனூருக்கு மேற்கே மலை, கிழக்கே மலை. தெற்கே போகப் போக இரண்டும் நெருங்கிவந்து கூடலூருக்கு அப்பால் கைகோத்துக்கொள்கின்றன. வடக்கே மட்டும் தேனிக்குப் போய்வரக் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது இயற்கை. அந்த வழியாகத்தான் என் பாய்மரப் படகு ஊருக்குள் வந்தது. ஊரில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று இல்லாததால் இந்தத் துறையில் முன்னோடி, நிபுணர், சங்கத் தலைவர் எல்லாம் நான்தான். உறுப்பினர் சேர்க்கை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன்பே வீட்டில் சரித்திர ஆதாரத்தோடுதான் பேசினேன். கொடைக்கானல் ஏரியை 1863இல் உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை. ஏரி வந்ததும் தூத்துக்குடியிலிருந்து ஒரு படகை மலைக்கு மேலே கொண்டுபோனார். மோட்டார் போகும் ரோடு கிடையாத காலம். பின்னால் 1890இல் அங்கே படகுக் கழகமே வந்தது. ஏழாயிரம் அடி உயரத்துக்குப் படகு போகலாம், சின்னமனூருக்கு வரக் கூடாதா?

“அவரு கலெக்டரு” என்றாள் என் மனைவி. “நீங்க பிசிக்ஸ் வாத்தியாரு. அதுவும் ரிட்டயர்டு.”

விடவில்லை. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியிருக்கிறார். பாலாற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று நாட்டுக்கே தெரியும். தண்ணீர் இல்லாத ஊர்தான் மாலுமிகளை உண்டாக்குகிறது என்று முடித்தேன்.

“அந்தத் தம்பிக்கு என்ன வயசு?”

நான் மறுபடியும் கொடைக்கானலுக்கே போய்விட்டேன்.

நான் வாங்கியது எண்டர்பிரைஸ் என்ற வகை. வடக்கே ஒரு படகுக் கிளப் கழித்துக்கட்டியது. 13 அடி 3 அங்குல நீளம், 94 கிலோ எடை. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வடிவமைத்தது. ஒட்டுப்பலகையில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகலாம் என்பதுதான் இதன் மகிமை. ஒரு பத்திரிகையின் ஆட்கள் இதற்கு விளம்பரம் செய்ய, அந்த வருஷக் குளிர்காலத்தில் ஓர் இரவு இரண்டு எண்டர்பிரைஸ் படகுகளை இங்கிலீஷ் கால்வாயைக் கடக்க வைத்தார்கள். இந்தத் தகவலை நான் எல்லாரிடமும் சொன்னேன். பின்னால் நம்மூர்க் கண்மாய் விவகாரம் நடந்தபோது எல்லாரும் இதை ஞாபகம் வைத்திருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

படகோடு டிரெய்லரும் வந்தது. சின்னமனூரில் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் வாழைத்தார் ஏற்றிப்போவது. என்னுடையது இரண்டு சக்கரமும் ஒரு சட்டமும்தான். தெருவில் நிறுத்தியதும் மூன்றாவது வீட்டு விவசாயி வந்து குனிந்து பார்த்தார்.

“சார், எத்தன தார் தாங்கும்?”

“இது படகுக்குங்க.”

“அது சரி. எத்தன தார் தாங்கும்?”

சட்டத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்கான விளக்கத்துக்குள் டிரெய்லரும் வருகிறது. அதாவது எஞ்சின் இல்லாத இரண்டு சக்கரம் சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவு, நம்பர் எல்லாம் உண்டு. படகின் கதை வேறு. 1917ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த 2021ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலன்கள் சட்டத்துக்கு முக்கியக் கவலை எஞ்சின் வைத்த படகுகள். எஞ்சின் இல்லாததற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி, உள்ளாட்சி மட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆக என் வீட்டு வாசலில் நின்றதில் மதிப்புக்குரிய பொருள் டிரெய்லர்தான். மேலே இருந்தது லோடு.

லோடை வீட்டுக்குள் ஏற்றுவதில் முதல் பிரச்சினை பாய்மரம். அலுமினியக் குழாய், இருபதடிக்கு மேல். ஹாலில் வைத்தால் நுனி சமையலறையில் இருக்கும். அதனால் வாசல் ஜன்னல் கம்பியில் நுழைத்து, ஹாலைக் கடந்து, சாமி அறை வாசலை ஒட்டி, பின்கட்டு ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட்டோம். ஒரு வாரத்தில் வீட்டில் அனைவருக்கும் இடுப்புக்கு மேல் வளையும் பழக்கம் வந்துவிட்டது. விருந்தாளிகளுக்கு வரவில்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா நெற்றியில் இடித்துக்கொண்டு, “என்னடா இது, பந்தக்காலா? யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். பின்கட்டில் நீட்டிக்கொண்டிருந்த பாகத்தில் மறுநாளே துணி காய்ந்தது.

மரத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலுக்குக் கொண்டுவந்தேன். படகை டிரெய்லரில் இழுத்துத் திரிகிறவர்களுக்குத் தண்ணீரில் வரும் கண்டத்தைவிடப் பெரியது தலைக்கு மேலே போகும் மின்கம்பி. அலுமினியம் கம்பியைத் தொட்டால் அடுத்த காரியங்களைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். இதை நான் படித்து வைத்திருந்தேன். என்னைவிட நன்றாக அறிந்திருந்தவர் அந்தப் பக்கமாக டீ குடிக்க வந்த லைன்மேன். தூரத்திலிருந்தே கும்பிட்டார். “சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். படுக்க வைங்க.” படுக்க வைத்தேன். சின்னமனூரில் மின்கம்பி போகாத, மரம் இல்லாத, யாரும் ஏன் என்று கேட்காத திறந்தவெளி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பாய்மரம் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

அடுத்தது ஓட்டை. தண்ணீரில் இறக்காமல் ஓட்டை கண்டுபிடிக்கச் சுலபமான வழி, படகுக்குள் தண்ணீரை ஊற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பது. உலகம் முழுக்கச் செய்வதுதான். “படக தண்ணில விடுவாங்க, சாரு தண்ணியப் படகுல விட்டிருக்காரு” என்று தெருவில் பேச்சு. ஆசாரி வந்து, கசிந்த இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து இரண்டு நாளில் அடைத்துவிட்டார். மறுபடி நிரப்பினோம். ஒரு சொட்டு இல்லை. நான் பெருமையோடு தண்ணீரைத் திறந்துவிடப் போனபோது மனைவி கையைப் பிடித்தாள். “இருக்கட்டும். நாளைக்குக் குழாய்ல தண்ணி வராத நாளு.” அன்றிலிருந்து ஆறேழு வாரம் என் படகு எங்கள் வீட்டுத் தொட்டியாக இருந்தது. அந்த நாட்களில் அதைப் பற்றி அவள் ஒரு குறையும் சொன்னதில்லை.

பாய்க்கு வருவோம். எண்டர்பிரைஸின் பாய் நீல நிறம். அதுதான் அதன் அடையாளம். பெரிய பாயும் முன்பாயும் சேர்த்துப் பத்தரைச் சதுர மீட்டர். இரண்டிலும் கிழிசல். பேண்ட் சட்டை தைக்கும் கடையில் காட்டினேன். தேர்தல் நேரம். “கட்சிக் கொடியா சார்? எத்தன வேணும்? அளவு எல்லாம் ஒண்ணுதானே?” என்று கேட்டார். பாய்க்குச் சாதாரணத் தையல் உதவாது. காற்றில் துணி இழுபடும்போது நேர்த்தையல் நூல் பட்பட்டென்று அறும். வளைந்து வளைந்து போகும் சிக்சாக் தையல்தான் கூடவே நீண்டுகொடுக்கும். வெளிநாட்டில் பாய் தைக்கும் பட்டறைகளில் இதற்கென்றே பெரிய மெஷின் வைத்திருப்பார்கள். சின்னமனூரில் அந்த மெஷினுக்கு எங்கே போவது என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, “ஏன், நம்ம சேலைக்கு ஃபால் அடிக்கிற அக்கா வச்சிருக்காங்களே” என்றாள் மனைவி.

உண்மை. தமிழ்நாட்டில் சிக்சாக் மெஷின் இல்லாத தெரு இல்லை. நாடு முழுக்கப் பாய்மரத் தொழிலுக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. அக்கா பாயை மடியில் போட்டு, விரலால் நீவி, ஓரத்தை இழுத்துப் பார்த்து, ஊசியை மாற்றினார். தடித்த ஊசி, டெரிலீன் நூல். கிழிசலுக்கு மேல் ஒட்டுத்துணி வைத்து, சுற்றிலும் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று இரண்டு வரிசை ஓட்டினார். மெஷின் முக்கி முனகியது. அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காசு எவ்வளவு என்றேன். அவருக்குக் கணக்குச் சேலையில்தான் வரும். “இது எத்தன சேல சார்?” அங்கேயே கணக்குப் போட்டேன். ஐந்தரை மீட்டர் சேலை, பன்னா ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சுமார் ஆறு சதுர மீட்டர். ஆக மொத்தப் படகும் இரண்டு சேலைக்குள் அடக்கம். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் பீரோவில் மட்டும் ஒரு கடற்படையே மடித்து வைத்திருக்கிறது என்றேன். அன்று ராத்திரி எனக்கு உப்புமா.

கயிறுகள் கட்டினேன். பாயை ஏற்றும் கயிற்றுக்குக் கடற்கரையில் ஆஞ்சான் என்று பெயர்; அந்தச் சொல்லை அடிக்கடி உபயோகித்தேன். கயிற்றுக்கடையில், “ஆஞ்சானுக்கு நல்லதாக் குடுங்க” என்றதும் கடைக்காரர், “எந்த ஊரு மாடு சார் அது?” என்றார். முடிச்சுப் போடுவதற்கு ஒரு புத்தகம் வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்து, வாழைத்தார் லோடு ஏற்றும் பையன் ஒருவன் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சை ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினான். புத்தகத்தை மூடிவிட்டேன்.

எல்லாம் தயார். எங்கே ஓட்டுவது?

ஆறு வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர். வழக்கமாக ஜூன் முதல் தேதி திறப்பார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல்லும் அதை நம்பித்தான் இருக்கிறது. இந்த ஆறு வைகையில் கலக்கிறது, வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது, அங்கே மிஞ்சினால் கடல். ஆக, சின்னமனூர்ப் படித்துறையில் ஏறினால் பாக் நீரிணையில் இறங்கலாம் என்று சிவப்புப் பேனாவால் வரைபடத்தில் கோடு போட்டேன். வழியில் வைகை அணை, பேரணை, விரகனூர் மதகு அணை, பார்த்திபனூர் மதகு அணை இருக்கின்றன. தண்ணீர் இருப்பதில்லை. அது ஒன்றுதான் குறை.

தேக்கடி, கேரளாக்காரர்களின் புலிகள் காப்பகம். மேகமலையில் அழகான நீர்த்தேக்கங்கள் உண்டு, சின்னமனூரிலிருந்துதான் பாதை. ஆனால் வனத்துறைச் சோதனைச் சாவடி, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, 2021இலிருந்து அதுவும் புலிகள் காப்பகம். புலிகளுக்குப் படகில் ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை.

வைகை அணை இருக்கிறதே. 1959இல் திறந்தது, 71 அடி. அங்கே காற்று எப்படி என்பதற்கு அரசாங்க ஆதாரமே உண்டு. 2017 ஏப்ரலில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் தலைமையில் தெர்மாகோல் விரித்தார்களே, கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரை ஒதுங்கிவிட்டது. ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாய், சுக்கான் எதுவும் இல்லாத ஒரு சரக்கை இவ்வளவு சீக்கிரம் கரை சேர்க்கும் காற்று உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கும்? அன்றே குறித்துக்கொண்டேன். ஆனால் அணையில் சொந்தப் படகு விட அனுமதி கேட்டு எழுதினால், காரணம் என்ற கட்டத்தில் என்ன போடுவது? மீன் பிடிக்கவா, ஆய்வா, மீட்புப் பணியா? ‘சும்மா’ என்று எழுத எனக்கு தைரியம் வரவில்லை.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு கண்மாய். ஆடி மாதம், மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி வாழைத்தோட்டமெல்லாம் இலை கிழிந்து நின்ற சமயம். மச்சானின் ஜீப் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகாத ஒரு நாளில் டிரெய்லரை மாட்டி இழுத்துப்போனோம். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். அது ஏன் என்று நான் படம் வரைந்து மச்சானுக்கு விளக்கினேன். விளக்க விளக்க ஜீப்பும் டிரெய்லரும் ஆங்கில எழுத்து ‘எல்’ ஆகிவிட்டன. டிராக்டர் ஓட்டும் பையன் ஒருவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமல், ஒற்றைக் கையில், எருமைகள் இறங்கும் சரிவில் நேராக விட்டுக் கொடுத்தான். எருமைகள் விலகி இடம் கொடுத்தன. அன்று எங்களை மரியாதையாக நடத்தியவை அவைதாம்.

இணைகர விதியைப் பல தலைமுறைக்கு நடத்தியவன் நான். காற்று ஒரு பக்கம் தள்ள, படகின் அடியில் இறங்கும் நடுப்பலகை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து படகை முன்னால் பிதுக்கும். காற்றுக்கு எதிரேகூடச் சாய்வாக ஏறிப் போகலாம். கரும்பலகையில் இது ஒருநாளும் தவறியதில்லை. பாயை ஏற்றினேன். நீலப் பாய் புடைத்ததும் கரையில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், என் முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் கேட்காத சத்தம். படகு சீறிக்கொண்டு கண்மாயின் நடுவே போனது. நடுப்பலகையை முழுக்க இறக்கினேன். அது தண்ணீரைத் தாண்டி, கீழே காலங்காலமாகச் சேர்ந்திருந்த வண்டலில் முழங்காலளவு இறங்கியது.

படகு நின்றது. காற்று நிற்கவில்லை. பலகையை அச்சாக வைத்துக்கொண்டு படகு சுற்ற ஆரம்பித்தது. திருப்புத்திறன் என்ற பாடத்துக்கு இதைவிடச் செய்முறை கிடைக்காது. ஒவ்வொரு சுற்றிலும் பாயின் அடிக்கட்டை என் தலைக்கு மேல் ஒரு முறை போய்வரும், நான் குனிவேன். வீட்டில் பாய்மரத்துக்குக் குனிந்த பழக்கம் அன்று உயிரைக் காப்பாற்றியது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சுற்றிச் சுற்றி எல்லாத் திசைக்கும் கும்பிடு போடுவதாகத் தெரிந்திருக்கிறது. சிலர் பதிலுக்குக் கும்பிட்டார்களாம்.

அப்போதுதான் மீன் குத்தகைக்காரர் வந்தார். நாலைந்து தெர்மாகோல் பலகையைச் சேர்த்துக் கட்டிய மிதவை, அதில் நின்றுகொண்டு ஒரு மூங்கில் கம்பு. ஊன்றி ஊன்றி அலுங்காமல் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன சார், வலையா அது?”

“பாய்ங்க.”

“உள்ள கட்லா குஞ்சு விட்டுருக்கேன். அடில என்ன வச்சுக் கிண்டுறீங்க?”

நடுப்பலகையின் அவசியத்தை விளக்கினேன். சுற்றிக்கொண்டே விளக்கியதால் பாதி அவருக்கும் பாதி எருமைகளுக்கும் கேட்டிருக்கும். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, “மொதல்ல அந்தச் சேலைய இறக்குங்க” என்றார். இறக்கினேன். பலகையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கயிற்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, தெர்மாகோலில் நின்றபடி, இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த வம்சத்துப் படகைக் கரைக்கு இழுத்துவந்தார். 2017இல் சிரித்தவர்கள் அந்தப் பொருளின் திறமையைச் சரியாக எடை போடவில்லை என்பதே என் கருத்து.

அதன் பிறகு படகுக்கு உள்ளூரில் நல்ல கிராக்கி. கல்யாண போட்டோ எடுக்கிறவர் ஒருவர், நெல் வயலுக்கு நடுவே படகை நிறுத்தி, பாயை விரித்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்துப் படம் எடுத்தார். பின்னால் மேகமலை. படம் பிரமாதம். வாடகையை வாங்கி மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆனாலும் மாலுமியின் மனசு அடங்குமா? தை மாதம் தொண்டிப் பக்கம் கிளம்பினோம். அந்தக் கரையில் மீனவர்கள் இன்றும் பாய் கட்டிப் போட்டி விடுகிறார்கள். ஆடியில் அடிக்கும் கச்சான் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், எதிரே இலங்கை. தையில் அடிக்கும் வாடை கடலிலிருந்து கரைக்குத் தள்ளும். வீரம் இருக்கலாம், வாடையில் இருப்பது உத்தமம். ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறி, உசிலம்பட்டி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி. பாதி வழி வைகை கூடவே மணலாக வந்தது. டீக்கடை தோறும் ஆட்கள் எழுந்துவந்து படகைத் தட்டிப் பார்த்தார்கள். கடற்கரையில் ஒரு காவலர் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, “சின்னமனூரா? எங்க போறீங்க?” என்றார்.

“சும்மா” என்றேன். சொல்லிவிட்டேன். அவரும், “சும்மான்னா சரி, தூரமாப் போகாதீங்க” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்துவந்து படகைச் சுற்றினார். அக்காவின் சிக்சாக்கை நகத்தால் கீறிப் பார்த்தார். ஆஞ்சானை இழுத்துப் பார்த்தார். நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டதும் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். “வாங்க, ஒரு சுத்துப் போயிட்டு வருவம்” என்று அவரே சுக்கானைப் பிடித்துக்கொண்டார். நடுப்பலகையைப் பாதிதான் இறக்கினார். கடல் அங்கே வெகுதூரம் இடுப்பளவு ஆழம்தான். கண்ணாடித் தண்ணீர், அடியில் கடற்புல் வயலுக்குள் அசையும் கதிர் மாதிரிச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. காற்றுக்கு எதிரே சாய்வாக ஒரு ஓட்டம், திரும்பி இன்னொரு சாய்வு. இணைகர விதி எழுத்துக்கு எழுத்து நடந்தது. என் வேலை பாயின் கீழ்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சொன்னபோது விடுவது. நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். கரையிலிருந்து மச்சானுக்குக் கேட்டிருக்கிறது.

இறங்கியதும் பெரியவர் தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “படகு நல்ல படகுதேன். கயிறு மட்டும் நோஞ்சான்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் என்னைத் தாண்டி ஜீப் பக்கம் போனார். டிரெய்லரைக் காலால் எத்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் மணலில் குந்தி என்னவோ அளந்தார்கள்.

“இந்த வண்டி என்ன வெலைக்கு வரும்? மேட்டுல படக ஏத்த எறக்க எங்களுக்குத் தோதா இருக்கும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி புளிச்சோற்று டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“நம்பர் எல்லாம் போட்டு, முறையாப் பதிஞ்ச வண்டிண்ணே” என்றாள். “படகு வேணும்னா சேத்தே எடுத்துக்கங்க. அதுக்குத் தனியா ஒண்ணும் தர வேணாம்.”